கம்பை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தவர்

மாரிமுத்து அண்ணன் காலமான செய்தி கிள்ளானிலிருந்து காலை ரயிலோடு வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அங்கேதான் இருந்தார். இஞ்சின் ஓட்டி வந்தவர் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ அண்ணனின் முறுக்கு மீசை நினைவுக்கு வந்து, அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவரை அறிந்த நீங்கள் என்னைக் கோபிக்கமாட்டீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், அவரைப் போல ஓர் ஆண்பிள்ளை கிடையாது என்பது எங்கள் பெருமை. இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டு உரமேறிய தோள். மாரியம்மன் திருவிழாவில் எங்கள் சிலம்பக் குழுவுக்குத் தலைவர். அவர் மனைவி ராசம்மாள் மருத்துவச்சி. கணவன் முன்னே நடக்க, மனைவி தள்ளிப் பின்னே வருவதுதான் எங்கள் வழக்கம். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சைக்கிள் வாங்கி, ராசம்மாளைப் பின்னால் உட்காரவைத்து, பட்டப்பகலில் பிரசவ வீடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார். லயமே வாயைப் பிளந்தது.

“என்னாண்ணே, பொண்டாட்டிக்கு ரிக்சா இழுக்கிறீங்களா?” என்று சீண்டினேன்.

“ரிக்சான்னா காசு கிடைக்கும் லா. இவ திட்டு மட்டுந்தான் கொடுக்கிறா” என்றார். ராசம்மாள் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

ஒரு திருவிழாவில் கிள்ளான் குழுவோடு போட்டி. ஜெயிக்கும் தலைவருக்குச் சரிகைத் தலைப்பாகை. அண்ணன் எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, செங்கல் சூளைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் மனைவிக்கு வலி கண்டு வெகுநேரமாகிவிட்டதாம். சூளை தூரத்தில் இருந்தது. அடுத்தவர் மனைவியான ராசம்மாளைச் சைக்கிளில் ஏற்றிக்கொள்ள எங்களில் ஒருவனுக்கும் துணிவில்லை. அவர் எழுந்து நின்று கணவரைப் பார்த்தார்.

அண்ணன் கம்பைக் கீழே வைத்தார். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

“இப்ப போனா இனிமே நீ தலைவர் இல்ல, மாரிமுத்து! நீயெல்லாம் ஆம்பளதானா?” என்று லயத்துப் பெரியவர் கத்தினார்.

“கம்ப அப்புறமும் சுத்தலாங்க. புள்ள காத்திருக்காது” என்றபடி மிதித்தார்.

தலைப்பாகை கிள்ளானுக்குப் போனது. மாலையில் அண்ணன் வேட்டியெல்லாம் செம்மண்ணோடு, சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். “பொண்ணு! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!” தனக்கே பிறந்ததுபோல லயத்துக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்களும் வாங்கித் தின்றார்கள்.

ஆனாலும் சொன்னபடியே தலைமையைப் பறித்தார்கள். அடுத்த திருவிழாவுக்கு அவர் வரமாட்டார் என்றிருந்தேன். வந்தார். ராசம்மாளைத் தன் பக்கத்திலேயே, ஆண்கள் கூட்டத்தின் நடுவே நிறுத்திக்கொண்டு, புதிய தலைவர் கம்பு சுழற்றச் சுழற்றக் கைதட்டினார். அவ்வளவு சத்தமாக வேறு யாரும் தட்டவில்லை.

“உள்ளுக்குள்ள வலிக்கலையாண்ணே?” என்று கேட்டேன்.

“வலிச்சிச்சு லா. அதான் சத்தமா தட்டுனேன்.”

இன்று எங்கள் லயத்தில் மனைவியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகாதவனைத்தான் கேலி செய்கிறார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தக் கைதட்டலைத்தான். போன மாதம், நான் ஆசைப்பட்டிருந்த மேஸ்திரி வேலை என்னிலும் இளையவன் ஒருவனுக்குக் கிடைத்தது. எனக்கு வலித்தது. கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன்.