கித்தாரைக் கடித்த பழி

எனக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது என் மேல் ஒரு பழி விழுந்தது. திருட்டுப் பழி, பொய்ப் பழி எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் மேல் விழுந்தது கித்தாரைக் கடித்த பழி. அதைச் சுமத்தியவர் என் சொந்தத் தாய்மாமா. கூட நின்று ஆமாம் போட்டவள் பெற்ற தாய்.

அப்போது நாங்கள் கல்கத்தாவில், ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு வங்கியில் உத்தியோகம். அம்மாவின் தம்பியான மாமா திருநெல்வேலியில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்தவர். கடை போட வசதியில்லை. எங்கள் பின்பக்கத்து வராந்தாவே அவருக்குப் பட்டறை ஆனது. முதலில் ரேடியோக்கள்தான் வந்தன. ஒருநாள் மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா, ஊமையாகிப் போன தன் ஹவாயன் கித்தாரைக் கொண்டுவந்து வைத்தார். மடியில் கிடத்தி வாசிக்கிற கித்தார் அது. மாமா அதில் தந்திகளுக்கு அடியிலிருந்து சத்தத்தைப் பிடிக்கும் காந்தத்தைக் கழற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை அம்மாவின் தையல் மெஷின் சக்கரத்தில் மாட்டிப் புதிதாகச் சுற்றிப் பேச வைத்துவிட்டார். அதன்பின் ரேடியோக்கள் ஓரமாய் ஒதுங்கின. கல்லூரிப் பையன்களின் கித்தார்கள், பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் வாசிப்பவர்களின் நீளக் கழுத்து பேஸ் கித்தார்கள் என்று வராந்தா நிறைந்தது. அம்மா வற்றல் காயப்போட இடமில்லை என்று முணுமுணுப்பாள்.

மாமா அதிகம் பேசமாட்டார். எட்டு வருஷமாகியும் அவருக்கு வங்காளம் வரவில்லை என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். அதனால் பேச்சுவார்த்தை முழுக்க அம்மா வழியாகத்தான். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய், மாமாவின் முகத்துக்கு நேரே நின்று தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். வேலையில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு உலகமே தெரியாது. முதுகுப் பக்கமிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். கலைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வராந்தாவுக்குள் வெளியார் யாரும் வரக்கூடாது. எனக்கு மட்டும் அனுமதி உண்டு, வாயைத் திறக்காமல் இருந்தால். அங்கே நான் கண்ட அதிசயம் இதுதான்: தந்தி மாட்டி முடித்ததும் மாமா பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பார். நாலாக மடிப்பார். கித்தாரின் தலையில் அதைப் போர்த்தி, அந்த இடத்தை, நடுவில் சந்து விட்ட தன் முன்பற்களால் கவ்விக்கொள்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தந்தியாய் மீட்டுவார். எங்கள் கடைத்தெரு நகைக்கடைக்காரர் தங்கக் காசைக் கடித்துப் பார்ப்பார் அல்லவா, அதுபோல இது கித்தாரின் தரம் பார்க்கும் முறை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மாமாவின் பெரிய வாடிக்கைக்காரர் ஓட்டலில் பேஸ் வாசிக்கும் ஒரு வங்காளி. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். நான் அவரை லம்பா காக்கு என்று கூப்பிடுவேன். நெட்டைச் சித்தப்பா என்று அர்த்தம். அவர் கை காட்டினால் அந்த வட்டாரத்து வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் மாமாவிடம் வருவார்கள், முகம் சுளித்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அம்மா சொல்லுவாள். கப்பல்காரர் யாரிடமோ வாங்கிய தன் வெளிநாட்டு பேஸை அவர் ஒருமுறை கொண்டுவந்தார். தந்தியை மீட்டினால் எங்கோ ஜிர்ரென்று இரைகிறது, தலையில் வார்னிஷும் உரிந்துவிட்டது என்றார். அன்று சாயங்காலமே ஓட்டலில் வாசிக்க வேண்டும் என்று முன்னறையிலேயே உட்கார்ந்துகொண்டார். அம்மா காப்பி கொடுத்தாள். மாமா முதலில் தலைக்குப் புது வார்னிஷ் பூசி உலர வைத்துவிட்டு இரைச்சலைத் தேடினார்.

மத்தியானம் மூன்று மணிக்கு மின்சாரம் போனது. லோட்ஷெடிங் இல்லாத நாளே அப்போது கிடையாது. மற்ற நாளாயிருந்தால் இந்த மாதிரி மின்சாரக் கித்தாரை மாமா ஒலிபெருக்கிப் பெட்டியில் மாட்டி, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சோதிப்பார். இன்று பல்தான் கதி. பையைத் தடவினார். கைக்குட்டை இல்லை. மேஜைக்கடியில் தேடினார். அது என் பொம்மைக்குப் புடவையாகி, பொம்மை கட்டிலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் வராந்தா அனுமதி போய்விடுமே என்று நான் கம்மென்று இருந்தேன். மாமா அப்படியே வெறும் பல்லால் பேஸின் தலையைக் கவ்வினார். கழுத்தில் வரிசையாய்ப் பதித்த உலோகக் கட்டைகளில் ஏழாவது கட்டை துளி எழும்பியிருந்ததைக் கண்டுபிடித்துத் தட்டி அமுக்கினார். இரைச்சல் நின்றது. லம்பா காக்கு சந்தோஷமாகப் போனார்.

மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தார். சந்தோஷமாக இல்லை. பேஸை வெளிச்சத்தில் பிடித்தார். அன்று முழுக்கக் காயாதிருந்த வார்னிஷில் இரண்டு அகலமான பல் தடங்கள், நடுவே ஓர் இடைவெளியுடன், அச்சடித்தாற்போல் பதிந்திருந்தன.

“கே காம்ரெச்சே?” என்றார். யார் கடித்தது?

மாமா அந்தத் தடத்தைப் பார்த்தார், காக்குவின் முகத்தைப் பார்த்தார், பிறகு முதல்முறையாகத் தானே வங்காளத்தில் பதில் சொன்னார்.

“பாச்சா கொரேச்சே.” குழந்தை செய்துவிட்டது. விரல் என்னைக் காட்டியது.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. “இல்ல! பொய்யி! நான் கடிக்கல!” என்று கத்தினேன். நியாயம் தவறாத அம்மா என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “ஏட்டி, மாமா சாமானைத் தொடாதன்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்?” குட்டு வலிக்கவேயில்லை. ஆனால் மனசு வலித்தது.

என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. நேரே காக்குவிடம் போய், அண்ணாந்து, வாயை ஆவென்று திறந்து காட்டினேன். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போன மாதம்தான் விழுந்திருந்தன. புதுசு இன்னும் முளைக்கவில்லை. “பாருங்கள், பல்லே இல்லை!” என்று அவருடைய பாஷையிலேயே முழங்கினேன்.

காக்கு குனிந்து என் வாய்க்குள் பார்த்தார். பேஸின் தலையைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா உதட்டை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சுள்ளென்று அறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் காக்கு மாமாவின் தோளை மெல்லத் தொட்டார். மாமா நிமிரும்வரை காத்திருந்து, முகத்துக்கு நேரே, ஒவ்வொரு வார்த்தையாக வங்காளத்தில் சொன்னார்.

“ஆமாம். இந்தப் பொண்ணுக்குப் பல்லு ரொம்பக் கூர்மை.”

தடத்தை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பேஸை எடுத்துக்கொண்டு போனார். கண்முன்னே பல் இல்லாத வாயைப் பார்த்த பிறகும் ஒரு பெரிய மனிதர் இப்படித் தீர்ப்புச் சொன்னால் உலகத்தில் யாரை நம்புவது? மாமாவோடு நான் நாலு நாள் கா விட்டிருந்தேன். அவர் பொம்மையிடம் இருந்த கைக்குட்டையைக் கண்டுபிடித்து, அதற்கு நீல நூலில் கரை தைத்து, மறுபடி பொம்மைக்கே கட்டி விட்டிருந்தார். அந்தக் கரையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஐந்தாம் நாள் பழம் விட்டுவிட்டேன்.

காக்கு மாமாவைக் கைவிடவில்லை. வாத்தியக்காரர்களை வரிசையாக அனுப்பினார். வரும்போதெல்லாம் எனக்குச் சந்தேஷ் என்ற பால் இனிப்பு வாங்கி வருவார், கூர்மையான பல்லுக்கு என்று. வராந்தாவுக்குள் போக அனுமதி பெற்ற ஒரே வெளியாரும் அவரானார்.

எனக்கு விஷயம் தெரியும்போது கல்யாண வயசாகிவிட்டது. ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மாதான் சொன்னாள். சின்ன வயதில் காதில் சீழ் வைத்து மாமாவுக்கு இரண்டு காதும் அநேகமாகப் போய்விட்டன. பல்லில் கவ்வினால் மட்டும் சத்தம் எலும்பு வழியாக உள்ளே போகும். வங்காளம் உதட்டைப் பார்த்தே அவருக்குத் தெரியும். “காது கேக்காதவன்ட்ட யாரு கித்தாரக் குடுப்பா? ஒன்ட்ட சொன்னா ஒன் வாயில தங்குமா?” என்றாள். தங்கியிருக்காதுதான். நான் அன்று பல்லைக் காட்டிக் காட்டி நிரூபித்துக்கொண்டிருந்தது என் குற்றமின்மையை அல்ல, என் மாமாவின் பிழைப்பில் மண்ணைப் போடும் ஒரு சங்கதியை.

அது தெரியாத வயதில் எனக்கு வேறொரு குறை இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு லம்பா காக்கு எங்கள் வீட்டில் எப்போது பேசினாலும் மாமாவின் எதிரே உட்கார்ந்து, வெளிச்சம் தன் முகத்தில் படும்படி திரும்பிக்கொண்டு, சொல் சொல்லாக நிறுத்திப் பேசுவார். மதராசிகளுக்கு வங்காளம் புரியாது என்று நினைத்துத்தான் இப்படி என்று எனக்கு ரோஷம் வரும். நடுவில் புகுந்து, என் வங்காளம் எவ்வளவு சுத்தம் என்று காட்ட மூச்சுவிடாமல் கடகடவென்று பொழிவேன். அவர் சிரித்துக்கொண்டே முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, மாமாவின் பக்கம் திரும்பி, நான் சொன்னதை மெதுவாக அவருக்குச் சொல்வார்.