உப்பு அண்ணாச்சியும் ஒரு கட்டை விரலும்

செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவன், வருகிற ஆளின் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பான். கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்க் கடையில் குந்தி உட்கார்ந்து, ஊரார் பாதத்தை மடியில் வாங்கியே எனக்கு வயதாகிவிட்டது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அதிகம் படிக்கவில்லை. ஆனால் யார் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை மறக்க மாட்டேன். கால் கட்டை விரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற வலியை அனுபவித்தவர்கள் இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே குடும்பம்.

குதிங்காலுக்கு உப்பு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மலையாளம் அரைகுறை. ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, ‘உப்பூற்றி’ வலிக்கிறது, அதற்கு ஏதாவது கொண்டு வா என்றார். ‘உப்பு ஊற்றி’ என்றுதான் என் காதில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் கால் வலிக்கு வெந்நீரில் உப்பைப் போட்டு ஊற்றுவது உண்டு. இந்த ஊர்க் கடைகளில் அதையும் செய்து கொடுப்பார்கள் போல என்று நினைத்தேன். பக்கத்து டீக்கடைக்கு ஓடி, ஒரு பாத்திரம் வெந்நீரும் ஒரு கை உப்பும் வாங்கி வந்துவிட்டேன்.

அந்த அம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். என்னோடு வேலை பார்க்கிற சுகுமாரன், இந்த ஊர்க்காரன், பெட்டிகள்மேல் சாய்ந்து சாய்ந்து சிரித்தான். அன்றிலிருந்து எனக்கு ‘உப்பு அண்ணாச்சி’ என்று பெயர். டீக்கடைவரை அதுதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: “அண்ணாச்சி, உப்பூற்றின்னா குதிங்கால். உப்பை வீட்டுல கறியில போட்டா போதும்.”

வெள்ளமடி

அந்தப் பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரம், கடையில் கூட்டம் நெரிகிற நேரம், வலது கட்டை விரல் தக்காளிபோல் சிவந்து வீங்கிவிட்டது. ஈ வந்து உட்கார்ந்தால்கூட வலிக்கும் போல இருந்தது. லீவு கேட்க முடியாத சமயம். சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். குந்த முடியவில்லை. என்ன விஷயம் என்று முதலாளி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுகுமாரன் திறந்தான்.

இந்த ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். வெள்ளமடி என்றால் வேறு தண்ணீர். நான் அதை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பீரும் பீஃபும் இல்லாமல் இருக்க முடியாதவன் அவன். எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும் சிரித்தார். ஆனால் அந்த ஓணம் முழுக்க என்னைக் குடோனுக்குள் அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தியவன்தான். பல ஓணம் போய்விட்டது. அவன் சொன்னது இதுதான்: “வேற ஒண்ணும் இல்ல முதலாளி, அண்ணாச்சிக்கு வெள்ளமடி கொஞ்சம் கூடிப்போச்சு.”

உப்பில்லாத சாளைக் குழம்பு

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, யூரிக் ஆசிட் கூடுதல் என்றார். குடிக்காதவர்களுக்கும் இது வருமாம். அந்த ஒரு வார்த்தைக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். உப்புப் பரல் மாதிரி அது மூட்டில் போய்ப் படிந்துவிடும், வலி போனாலும் ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும் என்றார். இது உள்ளவர்களுக்குப் பிரஷர், சுகர், இருதயக் கோளாறு, கிட்னிக் கோளாறு எல்லாம் கூடவே வருவதைப் பார்க்கிறோம். எது எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று எல்லாம் தெளிவாகவில்லை, அதனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். நான் வீட்டுக்கு வந்து என் மனைவி செல்லத்தாயிடம் சுருக்கமாகச் சொன்னேன்: காலில் உப்புப் படிந்திருக்கிறதாம்.

அவள் அன்றே அடுக்களையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். எனக்குத் தனியாக, தனக்குத் தனியாக என்று சமைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு பேருக்கும் உப்பில்லாமல் தினமும் சாளைமீன் குழம்பு. உடம்பு தேற வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல். அதிலும் உப்பில்லை. அடுத்த தடவை ரத்தம் பார்த்தால் ஆசிட் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா இவளைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அடுக்களை உப்பு வேறு, இது வேறு. உப்பைக் குறைத்தது பிரஷருக்கு நல்லதுதான், ஆனால் முதலில் நிறுத்த வேண்டியது ஈரலும் சாளையும் என்றார். தினமும் ஒரு மாத்திரை, நிறையத் தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவளைக் கோபித்துக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இத்தனை நாளா உப்பில்லாம நானும்தானே தின்னேன், ஒரு நாளாவது என் முகத்தைப் பார்த்தீங்களா?”

வித்துராக்காரருக்குச் சொன்னது

பேசாமல் ஒரே கடையில் வேலை பார்ப்பது கஷ்டமில்லை. நடுவில் ஒரு ஆள் இருந்தால் போதும். “அந்தச் சாரிடம் எட்டாம் நம்பர் எடுக்கச் சொல்லுங்க” என்று வாடிக்கையாளரிடமே சொல்வேன். அவனும் அப்படித்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் சுகுமாரன் இடது செருப்பின் வாரை மாட்டாமல் இழுத்துக்கொண்டு வந்தான். விரல் சிவந்திருந்தது. பார்த்ததும், உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி முழுங்கினான். சில நாளில் வீக்கம் போய்விட்டது. அடுத்த மாதம் மறுபடி வந்தது, மறுபடி மாத்திரை. அந்த மாத்திரையை இஷ்டத்துக்குத் தின்றால் கிட்னி போய்விடும் என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அவன் அண்ணன் வாரா வாரம் டயாலிசிஸுக்குப் போய் வந்து போய்ச் சேர்ந்தவர். அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன், அப்போது பேச்சு இருந்தது. என் சந்தோஷம் அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் எப்படிச் சொல்வது? அன்றைக்கு வித்துராவிலிருந்து ஒருவர் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, சுகுமாரனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். வலி போய்விட்டது என்று இருக்காதீங்க, சார். ஆசிட் உள்ளேதான் இருக்கும். வலி மாத்திரையை விடுங்க, ரத்தம் பாருங்க, கிட்னி, பிரஷர் எல்லாம் பாருங்க. வீட்டில் ஏற்கெனவே ஒருத்தரைக் கொடுத்தது போதாதா? சுகுமாரன் கையிலிருந்த பெட்டியை மூடாமல் நின்றான். வித்துராக்காரர் முகம் வெளிறி, காலை மெல்ல விடுவித்துக்கொண்டார்: “அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. ஞான் மோளுக்கு, என் பொண்ணுக்கு, செருப்பு வாங்க வந்ததாக்கும்.”

ஒரே பெயர்

மறுநாள் காலை கடை திறக்கும்போது நடுவில் ஆள் யாரும் இல்லை. சுகுமாரன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரத்தம் பார்க்கப் பயமாக இருக்கிறது, அண்ணனுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்றான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று திரும்பிப் பார்த்தேன். என்னிடம்தான். வா, நானும் வருகிறேன் என்று என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

அதே டாக்டரம்மா. ஆசிட் நிறைய, பிரஷரும் இருக்கிறது, கிட்னி கொஞ்சம் களைத்திருக்கிறது, ஆனால் நல்ல நேரத்தில் வந்தீர்கள், இனி ஒழுங்காக இருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். சுகுமாரன் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். நான் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாதியைக் குடித்தான். வெள்ளமடி ஞாபகம் வந்திருக்க வேண்டும், பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “இனி என்னையும் உப்புன்னே விளிச்சுக்கோ, அண்ணாச்சி.”

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் வெள்ளம் குடிக்கிறானா என்று தினமும் கேட்க ஒரு ஆள் வேண்டுமே என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.