சதுப்பு நிலத்தில் முப்பத்தொரு பேர்

நில அளவை அலுவலகத்தின் மாடியில் இருந்த வரைபட அறையில் அவள் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்தாள். கொண்டையில் எந்நேரமும் பென்சில் செருகியிருந்ததால் எல்லோருக்கும் அவள் பென்சிலக்கா. கோடு போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வரைந்த இடங்களில் பாதியில்கூட அவள் கால் வைத்தது கிடையாது. விமானத்திலிருந்து எடுத்த படத்தைக் கண்ணாடி மேஜையில் விரித்து, மேலே தாளைப் போட்டு, பார்த்து வரைவதுதான் வேலை.

ஒரு நாள் ஆற்றோரச் சதுப்பு நிலத்தின் பழைய படம் அவள் மேஜைக்கு வந்தது. அங்கே கிடங்கு கட்ட ஒரு கம்பெனி குத்தகைக்குக் கேட்டிருந்தது. சுத்தமாக ஒரு பிரதி வேண்டுமாம். படத்தின் நடுவில் ‘யாரும் பயன்படுத்தாத நிலம்’ என்று இருந்தது. அவள் கையெழுத்துதான். பத்தொன்பது வருடத்துக்கு முன், மகள் வயிற்றில் இருந்தபோது, நாற்காலியை விட்டு எழாமல் எழுதியது.

வேறு சமயமாக இருந்தால் பிரதி எடுத்துக் கொடுத்திருப்பாள். முந்தின வாரம்தான் அலுவலகத்தில் இரண்டு நாள் வகுப்பு நடந்திருந்தது. நிலம், காடு, மீன்பிடிப்பு இவற்றில் மக்களுக்குள்ள உரிமையை நியாயமாகக் கவனிக்கப் பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட நெறிமுறைகள் பற்றி. மற்றவர்கள் அங்கே கிடைத்த பையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார்கள். பென்சிலக்கா பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்தாள். பத்திரம் இல்லாவிட்டாலும் ஓரிடத்தை நம்பிப் பிழைப்பவர்களைக் கேட்காமல் அதைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் மூலையை மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை சதுப்பு நிலத்துக்குக் கிளம்பினாள். பஸ் டிரைவரான அவள் கணவருக்கு அன்று விடுமுறை.

“லீவு நாள்ல பொண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறவனைப் பார்த்திருக்கேன். சேத்துக்குக் கூட்டிட்டுப் போறவன் நான் ஒருத்தன்தான்” என்று முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு கூட வந்தார்.

யாரும் பயன்படுத்தாத நிலத்தில் முப்பத்தொரு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாய் முடையக் கோரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யார் பங்கு எதுவரை என்பது அவர்களுக்கு மனப்பாடம். சாய்ந்த மரத்திலிருந்து ஓடை வாய்வரை ஒருத்திக்கு, அங்கிருந்து கறுப்புப் பாறைவரை இன்னொருத்திக்கு. நாலு சனிக்கிழமை அவர்கள் முன்னால் நடக்க, இவள் பின்னாலேயே போய் வரைந்து, ஒவ்வொரு பங்கிலும் அதற்குரியவர் பெயரை எழுதினாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்த கணவர் இரண்டு முறை வழுக்கி விழுந்தார்.

கடைசிப் பங்குக்காரி கணவனை இழந்தவள். “மச்சினர் பேரைப் போட்டுக்கங்கம்மா” என்றாள்.

“அவர் கோரை அறுக்கறாரா?”

“அவருக்குத் தண்ணின்னாலே பயம்.”

“அப்ப அறுக்கறவங்க பேரைச் சொல்லுங்க.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள். பென்சிலக்கா எழுதிவிட்டு உரக்கப் படித்துக் காட்டினாள்.

“இன்னொரு தடவை படிங்க. வீட்ல எல்லாரும் ‘இந்தா’ன்னுதான் கூப்பிடுவாங்க. என் பேர் என் காதுல விழுந்து ரொம்ப நாளாச்சு.”

பென்சிலக்கா மூன்று முறை படித்தாள்.

மேலதிகாரி புதுப் படத்தைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம்.

“இந்த நெறிமுறையெல்லாம் கட்டாயம் இல்லம்மா. அவங்களே எழுதியிருக்காங்க.”

“செய்யக்கூடாதுன்னு எழுதலையே சார்.”

“பழைய படத்தை யார் தப்பா வரைஞ்சதுன்னு கேப்பாங்களே?”

“நான்தான்னு சொல்லுங்க. எழுதியே தரேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ‘அங்குள்ளவர்களைக் கேட்டபின் முடிவெடுக்கலாம்’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் போட்டுக் கேட்டார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. சாலையை ஒட்டிய வடக்கு மூலை கிடங்குக்குப் போயிற்று; மீதி நிலம் கோரை அறுப்பவர்களின் பெயரில் பதிவானது. வடக்கு மூலையில் ஆறு பேருடைய பங்குகள் இருந்தன. அன்று பென்சிலக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் கிண்டல் எதுவும் பண்ணாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பத்து நாள் கழித்து முப்பத்தொரு பேரும் மாடியேறி வரைபட அறைக்கு வந்தார்கள். மச்சினர் பேரைப் போடச் சொன்னவள்தான் பேசினாள்.

“எங்களுக்குள்ள பேசிட்டோம்மா. ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டா அந்த ஆறு பேருக்கும் இடம் வந்துடும். நீங்க கோட்டை மட்டும் மாத்திப் போட்டுக் குடுங்க.”

என் எல்லையைக் குறைத்துப் போடுங்கள் என்று கேட்டு அந்த அலுவலகத்துக்கு அதுவரை யாரும் வந்ததில்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மேலதிகாரி விஷயம் தெரிந்ததும் தானே போய் நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டார். அவை பத்தவில்லை. பாதிப் பேர் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, “கோட்டை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்க, எனக்கு இது போதும்” என்று விரலால் காட்டினார்கள்.