நாலாம் நம்பர் வீடு

காலையில் வாசலில் பெயிண்ட் வாடை. அப்பா கேட் தூணில் இருந்த 4 என்ற எண்ணை அழித்து 3A என்று எழுதத் தயாராகிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. சிங்கப்பூருக்கு அக்கரையில், மாசாயில் உள்ள இந்த வீட்டை விற்றால்தான் படியில்லாத வீடு வாங்க முடியும். ஆனால் சீன மொழியில் நாலு என்ற சொல் சாவு என்பதுபோல் ஒலிக்குமாம். வாங்க வந்த சீனர்களெல்லாம் எண்ணைப் பார்த்ததும் கேட் வாசலோடு திரும்பிவிட்டார்கள். மாற்றச் சொன்னது ஏஜெண்ட்.

அந்த வாடை என்னை ஆறு வயதுக்கு இழுத்துப் போனது. சிம்பாங் ரெங்கம் எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டிலிருந்து இங்கே குடிவந்த முதல் ஞாயிறு. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, அதே தூணில் முழ நீளத்துக்கு 4 எழுதினார். சொட்டிய சிவப்பு பெயிண்டை நான் மிதித்து, புதுத் தரை முழுக்கப் பாதம் பதித்தேன்.

"ஏங்க, இவ்ளோ பெருசாவா?" என்றார் அம்மா.

"லயத்துல நம்ம கடுதாசியெல்லாம் ஆபீஸ்லதான கெடந்துச்சு? இது நம்ம சொந்த நம்பர்லா! சிங்கப்பூர்லேர்ந்து பாத்தாலும் தெரியணும்."

"அங்கிள், வீடு பாக்க வந்தோம்."

நினைவு கலைந்து திரும்பினேன். பைக்கிலிருந்து ஓர் இளம் தம்பதி இறங்கினார்கள். அந்தப் பெண் அப்பா கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"அலமாக்! ஐயோ, எதுக்கு மாத்துறீங்க? நாலே இருக்கட்டும் அங்கிள். வெலய மட்டும் கொஞ்சம் கொறைங்க!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "கொறைக்கலாம்மா. ஆனா வாங்குன பெறகு நீங்களும் அழிக்கக் கூடாது."

அவள் அதற்குள் உள்ளே போய், எந்த அறைக்குக் காலை வெயில் வரும் என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.