புயல் அறுபதில் போன கதை

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் புயல். ரயிலைக் கோட்டைவிட்டவர்களை அடுத்த ஸ்டேஷனில் கொண்டுபோய் அதே ரயிலில் ஏற்றிவிட்டே அந்தப் பெயரை வாங்கியிருந்தார். பெயருக்கேற்ற வாயும் உண்டு. அந்த வாயை அடைத்தது, மனைவி ஒரு நாள் காலையில் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்ன வார்த்தை.

“என்னங்க, ஆஸ்பத்திரிக்கு வாரம் மூணு நாள் வேணாம். இனிமே ரெண்டு நாள் போதும்.”

அவள் தையல்காரி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து, எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கார் குடிக்கும் பெட்ரோலை நினைத்துத்தான் இந்த யோசனை. மூன்று இரண்டானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

“நீ சும்மா இரு. காரோட வயித்தை நான் சுருக்கறேன்,” என்றார்.

வழி சொன்னவன் அவளுடைய தம்பி, மெக்கானிக்.

“மாமா, ரோட்ல உங்க பெட்ரோல் முக்கால்வாசி காத்தைத் தள்ளறதுக்கே போகுது. தலைமேல காலி கேரியர் எதுக்கு?”

கேரியரைக் கழற்றினார்கள். அடியில் காற்று சிக்காமல் வழுக்கிப் போக, பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி மட்டமாகப் பொருத்தினார்கள். மனைவியிடம் சிவப்பு நூல் வாங்கி, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கார் முழுக்க ஒட்டினார்கள். ஓடும்போது நூல் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. பேயாட்டம் ஆடினால் அங்கே தகராறு. மச்சான் பைக்கில் கூடவே வந்து பார்த்தான். காருக்கு முடி முளைத்துவிட்டதென்று ஸ்டாண்டே சிரித்தது.

நூல் ஆடிய இடங்களைச் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு டேங்கை நிரப்பினால், முன்பைவிட அதிகமாகக் குடித்திருந்தது. புயல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மச்சான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

கண்டுபிடித்தவள் மனைவிதான். பின்சீட்டில் சாய்ந்து வருகிறவளுக்கு வேறென்ன வேலை?

“கேரியர் இருந்தப்ப, எண்பதைத் தாண்டினா மேல விசிலடிக்கும். நீங்களும் காலை எடுத்துடுவீங்க. இப்ப சத்தமே இல்லை. நேத்து முள்ளு நூறுல நின்னுச்சு. நீங்க பாட்டுக்குப் பாடிக்கிட்டு வர்றீங்க.”

உண்மைதான். காற்றிடம் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவருடைய வலது கால் தின்று தீர்த்திருந்தது.

அடுத்த வாரம் அவர் அறுபதைத் தாண்டவில்லை. டிராக்டரைத் தவிர எல்லா வண்டியும் அவரை முந்தியது. டேங்கை நிரப்பினார். முன்பு இரண்டு நாளுக்கு ஆனதைவிடக் கொஞ்சம் கூடுதலில் மூன்று நாளும் முடிந்திருந்தது. ஆனால் போகவர முக்கால் மணி நேரம் கூடிவிட்டது. துவண்டு வருகிறவளை அவ்வளவு நேரம் காரில் வைத்திருக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“உடம்பு தாங்குமா? திரும்பும்போது மட்டும் கொஞ்சம் விரட்டட்டுமா?”

அவள் பின்கதவை விட்டு முன்கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுப் பறந்தீங்க. நான் இங்க உட்கார்ந்ததை விரல்விட்டு எண்ணிடலாம். மெதுவாவே போங்க. மூணு நாளும் வர்றேன்.”

புயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அன்று ஐம்பதைக்கூடத் தாண்டவில்லை.