ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு சீட்டு

"பாய், சொவத்தோரம் யாரும் குந்தலியே?" என்று கேட்டுக்கொண்டேதான் கண்ணையன் தியேட்டருக்குள் நுழைவார். வாசலில் நிற்கும் ஹமீது டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். அங்கே யாரும் உட்கார மாட்டார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். இடப்பக்கச் சுவரில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்தால் திரை கோணலாகத் தெரியும், காது அடைத்துப் போகும். கண்ணையனுக்கு அந்தச் சீட்டுதான் வேண்டும். தோள்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். விளக்கு அணைந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

ஓடியது ஒரு பொம்மைப் படம். ரோபோக்களின் கதை. எந்த நாட்டுப் படமோ, தமிழில் பேச வைத்து, பள்ளி விடுமுறைக்குப் பாகூரில் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் பிள்ளைகள், அல்லது பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள். நடுவே, அறுபதை நெருங்கும் வயசில், வேட்டியெல்லாம் வார்னிஷ் கறையாகத் தனி ஆளாக ஒருவர். ஏசிக்காகத் தூங்க வருகிறார் என்றுதான் ஹமீது முதலில் நினைத்தார்.

"தூங்கறதுக்கு ஸ்பீக்கர் அடியிலியா அண்ணே எடம் புடிக்கிறீங்க?"

"எனுக்கு அப்பிடித்தாம்பா தூக்கம் வருது" என்றார் கண்ணையன்.

அவருக்குக் கிருமாம்பாக்கத்தில், கடலூர் ரோட்டோரமாக, மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை. சுற்றுவட்டாரத்து நெல்லுக்காரர்களும் கரும்புக்காரர்களும் போர் மோட்டார் புகைந்தால் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். மோட்டாரை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். "பேரிங்கு அழுவுது" என்பார். அல்லது, "ஒண்ணுமில்ல, சும்மா நடிக்குது, எடுத்துனு போ" என்பார். காயில் சுற்றும்போது பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சுற்றுக் கணக்கு தவறிவிடும். தெரியாமல் யாராவது "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டால், அந்த நேரத்துக் கணக்கையே வசவு மாதிரிக் கத்துவார்: "நாப்பத்தி மூணு!" வந்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

இந்தச் சட்டம் ஒரே ஒருத்திக்கு மட்டும் கிடையாது. மகள் பிரியதர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டறை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து அன்றைய பேப்பரைச் சத்தமாகப் படிப்பாள். கிரிக்கெட் செய்தி என்றால் மூச்சுவிடாமல் படிப்பாள். மந்திரி பேச்சு என்றால் தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொள்வாள். ராசிபலனைச் சாமி வந்தவள் மாதிரி சொல்வாள். கண்ணையன் கை சுற்றிக்கொண்டே இருக்கும். அவள் குரலுக்கு அவர் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை.

அவள் படித்து முடித்து, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தாள். பிறகு ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு, சென்னைக்குப் போய் டப்பிங் பேசப்போகிறேன் என்றாள்.

"பேசறது ஒரு வேலையா? எவன் வாயயோ பாத்துனு குந்தறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?"

"ஆமாம்பா, வாயப் பாத்துதான் பேசணும். இல்லன்னா சேராது."

உள்ளதைத்தான் சொன்னாள். அவர் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். பேச்சு தடித்து, கடைசியில், "போறவ போ. இனிமே உங்கொரலு இந்த வூட்டுக்குள்ள கேக்கக் கூடாது" என்றார். பிடிவாதத்தில் அவளும் அவர் மகள்தான். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ருக்குமணிக்கு மட்டும் போன் வரும். ருக்குமணி போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்து, முருங்கை மரத்தடி வெயிலில் நின்று பேசிவிட்டு வருவாள். அவள் வரும்வரை கண்ணையன் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார். இன்னா சொல்றா என்று கேட்க மாட்டார். ருக்குமணியும் சொல்ல மாட்டாள். குழம்பை ஊற்றுவாள், அவ்வளவுதான்.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ருக்குமணி குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"பாகூர்ல ஒரு பொம்மைப் படம் ஓடுதாமே. அதுல வர்ற மெசினுக்கு இவதான் பேசியிருக்காளாம்."

"மெசினு எங்க பேசும்?" என்றார் கண்ணையன். மறுநாள் காப்பர் கம்பி வாங்கப் போகிறேன் என்று சொல்லி மொபெட்டை எடுத்தார்.

படத்தில் வரும் ரோபோவுக்கு வண்டு என்று பேர். உருண்டை உடம்பும் சின்னக் கால்களுமாக, ஒரு பெரிய அணையின் மதகைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம். ஊர் ஜனம் மொத்தமும் எங்கோ போய்விட்டது. வண்டுக்கு அது தெரியாது. தினம் சாயந்திரம் ஒயர்லெஸ்ஸில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, முடிவில், "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கும். பதில் வராது. மறுநாளும் சொல்லும், கேட்கும். உடம்பில் மின்சாரம் குறையக் குறையப் பேச்சைச் சுருக்கிக்கொள்ளும். முதலில் வணக்கத்தை விடும். பிறகு தண்ணீர்க் கணக்கை விடும். அந்தக் கேள்வி மட்டும் மிஞ்சும்.

முதல் நாள் கண்ணையன் கண்ணை அகலத் திறந்துகொண்டு பார்த்தார். மகள் குரல் அகப்படவில்லை. தகரத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல ஏதோ செய்திருந்தார்கள். 'எவளோ பேசறா' என்று எரிச்சலோடு வெளியே வந்தார். இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் காப்பர் கம்பி தீர்ந்துபோயிருந்தது. அன்றைக்குத்தான் ஸ்பீக்கருக்குக் கீழே இடம் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், நண்டு ஒன்று தலைமேல் ஏறியதற்கு வண்டு சிரித்தது. சிரிப்பதற்கு முன்னால் மூக்கில் ஒரு சின்ன மூச்சு. மந்திரி பேச்சைப் படித்து முடித்ததும் அவளுக்கு வருமே, அந்த மூச்சு. தகரம் மொத்தமும் உரிந்து விழுந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லிலும் அவள்தான் இருந்தாள். கண்ணையன் மடியிலிருந்த துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் தினமும் காப்பர் கம்பி வாங்கப் போனார். ஒரு முழம் கம்பிகூட வீட்டுக்கு வரவில்லை. ருக்குமணி கேட்கவும் இல்லை. ஒருநாள் மட்டும், "வெய்யில்ல போறீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

படம் பார்த்தவர்கள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டு முதல் தடவை "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டபோது, முன்வரிசையில் ஒரு குட்டிப்பெண் சீட்டின்மேல் ஏறி நின்று, "இருக்கோம்! இங்க இருக்கோம்!" என்று கத்தினாள். அடுத்த தடவை தியேட்டர் முழுக்கப் பிள்ளைகள் கத்தினார்கள். ஒரு கரும்புக்காரர், வண்டுக்கு மின்சாரம் தீர்கிற இடத்தில் பொறுக்க முடியாமல் எழுந்து, "ஏம்பா, ஒரு கனெக்சன் குடுக்க அந்த ஊர்ல ஒருத்தனும் இல்லியா?" என்று திரையைப் பார்த்து நியாயம் கேட்டார். கேன்டீன் நடத்தும் ஹமீதின் மனைவி ஆமினா பீவி, அந்தக் காட்சிச் சத்தம் கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டுக் கதவிடுக்கில் வந்து நின்றுவிடுவாள். "தகரத்துக்காவ அழுவறமே, நமக்கு மூளை இருக்குதா" என்று தன்னையே திட்டிக்கொண்டு முக்காட்டில் கண்ணைத் துடைப்பாள்.

கண்ணையன் அழவில்லை. அழுகிறவர்கள்மேல் அவருக்குக் கோபம்தான் வந்தது. சரியாக மகள் பேசுகிற இடத்தில்தான் சனம் விசும்பியது.

"யம்மா, மூக்க அப்பறமா சிந்துங்க. கேக்க வுடுங்க."

படம் முடிந்தால் உடனே போக மாட்டார். சைக்கிள் ஸ்டாண்டில் மொபெட்டைத் துடைக்கிற பாவனையில் நிற்பார். கும்பல் பேசிக்கொண்டே போகும். "இன்னா கொரலுபா அது" என்று யாராவது சொல்வார்கள். மொபெட்டில் அந்த இடத்தையே இன்னொரு தடவை துடைப்பார். அந்தக் குரலுக்குச் சொந்தம் கொண்டாடத் தமக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை.

தியேட்டரிலிருந்து படத்தை எடுக்கப்போகிற கடைசி நாளான வியாழக்கிழமை அந்த வாய் தன்னால் திறந்துகொண்டது. சேதராப்பட்டில் காலை ஷிப்ட் முடித்து, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் நாலைந்து பையன்கள் வந்திருந்தார்கள். விசிலடித்துக்கொண்டே உள்ளே போனவர்கள், முடிந்ததும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். கண் சிவந்திருந்த ஒருவன், அருள்முருகன் என்று அட்டையில் பேர், கூச்சத்தை மறைக்கவோ என்னவோ சொன்னான்:

"டேய், அந்தக் கொரலு கம்ப்யூட்டர்ல பண்றதுடா. இப்பல்லாம் அதே பேசுது. மனுசன் பேசுனா இப்பிடி வராது."

"இன்னாடா சொன்ன?"

கண்ணையன் அவன் முகத்துக்கு நேரே போய் நின்றார். 

"கம்ப்யூட்டரா? அது எம் பொண்ணுடா! பிரியதர்ஷினி. கிருமாம்பாக்கத்துப் பொண்ணு. அவ மூச்சு வுடறது கேக்கல உனுக்கு? மெசினு எங்கடா மூச்சு வுடும்?"

ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஹமீது ஓடி வந்தவர், பாதியில் நின்றுவிட்டார். எம் பொண்ணு என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. சொன்னபிறகு கண்ணையனுக்கே வாய் ஒரு மாதிரி இருந்தது, ரொம்ப நாள் கழித்து இனிப்பு தின்றதுபோல.

பையன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியாம சொல்லிட்டேண்ணே. எங்கம்மா குவைத்ல வூட்டு வேலைக்குப் போயிருக்குது. அந்த மெசினு கேட்டுனே இருக்குதில்ல, அப்ப எனுக்கு..."  கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்காவாண்ட சொல்லுங்கண்ணே. நல்லா பேசியிருக்காங்கன்னு. மறந்துடாதீங்க."

"சொல்றேன்" என்றார் கண்ணையன்.

சொல்றேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, எப்படிச் சொல்வது? வெள்ளியும் சனியும் பட்டறையில் வேலை ஓடவில்லை. காயில் சுற்றும்போது, யாரும் கூப்பிடாமலே இரண்டு தடவை கணக்குத் தவறியது. 'சேதராப்பட்டுப் பையன் ஒருத்தன்' என்று ஆரம்பிக்கலாம். இல்லை, 'படம் பாத்தேன்' என்று ஆரம்பிக்கலாம். 'இன்னாமா, சாப்டியா' என்றே கேட்டுவிடலாம். ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எதுவும் அவர் குரல் மாதிரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மத்தியானச் சோறு போட்டு, ருக்குமணி குழம்புச் சட்டியைத் தூக்கும்போது போன் அடித்தது. அவள் சட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலப் போனோடு பின்கதவுப் பக்கம் போனாள்.

"எங்க போற?"

ருக்குமணி நின்றாள்.

"வெளிய நெருப்பா கொட்டுது. இங்கியே குந்திப் பேசு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல வந்து, அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பச்சைப் பட்டனைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா? இன்னாமா இவ்ளோ நேரம்? தோட்டத்துல வெய்யிலா இருக்குதா?"

வீட்டுக்குள் அந்தக் குரல் வந்தது. மேலே பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணையன் எழுந்து போய் அதை அணைத்தார்.