மைக்கில் ஒரு வீட்டுக்காரர்

1. ‘சரிங்க’

இதய சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி சில விநாடி மூச்சைப் பிடித்து அசையாமல் படுக்க வேண்டும். எந்த ஊரிலும் அதுதான் முறை. எங்கள் கோயம்புத்தூரில் மட்டும் கூடுதலாக ஒரு சங்கடம். யாராவது ஒன்று சொன்னால் பதில் சொல்லாமல் இருப்பது இங்கே மரியாதைக் குறைச்சல்.

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாப்பாத்தியம்மாளிடம் சி.டி. டெக்னீஷியனான நான் வகையாக மாட்டினேன். அவருக்கு இதய ரத்தக்குழாய் ஒன்று முழுசாக அடைத்திருந்தது. வேறோர் இடத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி முயன்று, அடைப்புக்குள் கம்பி நுழையாமல் அனுப்பிவிட்டார்கள். உள்ளே குழாய் எப்படி வளைகிறது என்று சி.டி.யில் தெரிந்தால் இன்னொரு முறை முயலலாம், இல்லாவிட்டால் நெஞ்சைத் திறந்து பைபாஸ்தான் என்றார் எங்கள் டாக்டர். அம்மாவுக்குக் கிட்னியும் சுமார். ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து கிட்னிக்கு ஆகாது என்பதால் அதை ஒரே தடவைதான் ஏற்ற முடியும். அந்தப் படம் கெட்டால் கெட்டதுதான்.

மருந்து இல்லாமல் எடுக்கும் முதல் படத்துக்கு மைக்கில் சொன்னேன்: “மூச்ச இழுத்துப் புடிங்க. பேசாதீங்க.”

“சரிங்க” என்றார் அம்மா. படம் கலங்கிப்போனது.

உள்ளே போய், “எனக்குப் பதிலே சொல்லக் கூடாதுங்கம்மா” என்றேன்.

“சொல்லமாட்டனுங்க அம்மணி.”

மறுபடி ஒத்திகை பார்த்தேன். மறுபடி “சரிங்க”. எனக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட மனம் வருமா? “நீங்க இத்தன தன்மையாச் சொல்றப்ப கம்முனு கெடந்தா நல்லாவாங்க இருக்கும்?” என்று கண் கலங்கினார். மானிட்டரில் இதயத்துடிப்பு ஏறியது. அதுவும் படத்துக்கு ஆகாது.

2. பெரியவர் வந்தார்

வெளியே உட்கார்ந்திருந்த அவர் கணவர் சின்னச்சாமியிடம் புலம்பினேன். “ஏனுங்க, ஊட்லயும் இப்படித்தானுங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “ஊருக்கே பதில் சொல்லுவாளுங்க. நான் கூப்புட்டா மட்டும் வாயத் தொறக்கமாட்டா. கல்யாணமான நாள்லருந்தே அப்படித்தானுங்க.”

அட, இது போதுமே! அவரைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிவந்து மைக் முன்னால் உட்கார வைத்தேன்.

“நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டா அவளுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?”

“ஆகாதுங்க. மருந்து ஏறுனா ஒடம்பு சூடாகும்னு மொதல்ல சொல்லிருங்க. நான் தலையாட்டறப்ப மூச்சப் புடிக்கச் சொல்லுங்க.”

“பாப்பாத்தி, நாந்தான். மேலெல்லாம் சூடா வருமாமா. பயப்படாத, நான் இங்கதான் இருக்கறேன்.”

பதில் இல்லை. துடிப்பு மெல்ல இறங்கியது. மருந்தை ஏற்றித் தலையாட்டினேன்.

“மூச்ச இழுத்துப் புடி கண்ணு.”

துளி சத்தம் இல்லை. படம் பளிச்சென்று வந்தது. சந்தோஷத்தில் நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் கண்ணாடி வழியே மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூச்சு விடச் சொல்லுங்க!” என்று அவர் தோளைத் தட்டினேன்.

“ஐயோ, உட்டுரு கண்ணு, உட்டுரு!”

3. வார்டில்

ஆஞ்சியோபிளாஸ்டி அன்று டாக்டர் அந்தப் படத்தைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டார். அதில் தெரிந்த வளைவைப் பார்த்துப் பார்த்துக் கம்பியைத் தள்ளினார். கம்பி அடைப்பைத் தாண்டியது, ஸ்டென்ட் வைத்தாயிற்று. பைபாஸ் பேச்சு அதோடு போயிற்று.

மறுநாள் வார்டுக்குப் போனேன். “வலிக்குதா?” என்று பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாயே திறக்கவில்லை.

“ஏனுங்கம்மா, அவருக்கு ஒரு பதில் சொன்னாத்தான் என்னங்க?” என்று சீண்டினேன்.

“அவுங்களுக்கு எதுக்குங்க பதிலு? அவுங்க சத்தம் கேட்டாலே எனக்குப் பயம் போயிருமுங்க.”

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, மூச்சைப் பிடிக்கச் சொல்ல மெஷினிலேயே ஒரு குரல் பதிவாகி இருக்கிறது. நல்ல குரல்தான். ஆனாலும் பட்டனைத் தொடுவதற்கு முன் ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள், கூட வந்திருப்பது யார் என்று.